தமிழ் இணையதளம் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிற்றிதழ், ஊர்ச் சங்கம், நூலகம், பள்ளி, தனிமனிதரின் எழுத்துத் தொகுப்பு என்று சிறிய அளவில் தமிழ் இணையதளம் நடத்துவோர் பலர், நிரலாளர் எவரும் உடன் இல்லாமலேயே அதைப் பராமரித்து வருகிறார்கள். அத்தகைய தளங்கள் சிலவற்றைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எல்லா விடைகளும் ஒரே கவலையிலிருந்து பிறந்தவை. சர்வரை மாற்றிக்கொள்ளலாம், மென்பொருளையும் வடிவமைப்பையும் மாற்றிக்கொள்ளலாம்; பலர் ஆண்டுக்கணக்கில் தட்டச்சு செய்து சேர்த்த உரை அழிந்துவிட்டால் அது மட்டும் திரும்பக் கிடைக்காது.

எங்கள் தளத்தில் தமிழுக்குப் பதிலாக ஏதேதோ குறிகள் தெரிகின்றன. உரை அழிந்துவிட்டதா?

என்ன குறிகள் தெரிகின்றன என்பதைப் பொறுத்தது அது. பதற்றத்தில் எதையும் மாற்றிச் சேமிப்பதற்கு முன்னால், திரையைச் சற்று உற்றுப் பாருங்கள்.

வெறும் கட்டங்கள் தெரிந்தால் உரைக்கு எந்தக் கேடும் இல்லை. பார்ப்பவரின் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே அதன் பொருள். தலையில் சாய்கோடு போட்ட சிறிய ரோமன் எழுத்தும், அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் வணிகப் பதிவுக் குறியும் வரி முழுவதும் மாறி மாறி வந்தால், அப்போதும் உரை பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கிறது. யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளைக் கணினியின் எண்களாகச் சேமிக்கும் முறையில், ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே. இரண்டாவது பைட் இரண்டே வகையில் ஒன்றாக இருக்கும். பழைய மேலை ஐரோப்பியக் குறியாக்கமாக நினைத்துக்கொண்டு உலாவி அவற்றைப் படிக்கும்போது, முதல் பைட் அந்தச் சாய்கோட்டு எழுத்தாகவும் இரண்டாவது பைட் பதிவுக் குறியாகவோ மேல்கோடாகவோ தெரிகிறது. ஒரே ஜோடி சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், உள்ளே இருப்பது தமிழ்தான் என்று நம்பலாம்.

இதற்கு மூன்று இடங்களைச் சரிபார்க்க வேண்டும்: சர்வர் அனுப்பும் தலைப்புத் தகவலில் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா, ஹெச்டிஎம்எல் பக்கத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் அதே அறிவிப்பு இருக்கிறதா, தரவுத்தளத்தோடு நிரல் பேசும் இணைப்பும் அதே குறியாக்கத்தில் இருக்கிறதா. மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன மேலை ஐரோப்பியக் குறியாக்கமான லத்தீன்-1 என்று அறிவிக்கப்பட்ட தரவுத்தள அட்டவணைக்குள் யூடிஎஃப்-8 பைட்டுகள் போய் உட்கார்ந்திருந்தால், அதை நேரடியாக யூடிஎஃப்-8 ஆக மாற்றக் கூடாது. முதலில் உரை இருக்கும் நெடுவரிசையை, வெறும் பைட்டுகளாக மட்டும் கருதும் பைனரி வகைக்கு மாற்றி, அதன் பிறகு யூடிஎஃப்-8 க்கு மாற்ற வேண்டும். இடையில் உள்ள அந்தப் படியைத் தவறவிட்டால் பிழை இரட்டிப்பாகி, மீட்பது பல மடங்கு கடினமாகிவிடும். எல்லாவற்றையும் நகல் தரவுத்தளத்தில் செய்து பார்த்துவிட்டு மூலத்தில் கை வையுங்கள்.

கேள்விக்குறிகள் மட்டும் வரிசையாக நின்றால் செய்தி நல்லதல்ல. பெரும்பாலும், தமிழைத் தாங்காத அட்டவணையில் எழுத முயன்றபோது ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாக மாற்றப்பட்டு, அப்படியே சேமிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் அந்த உரை அங்கே இல்லை. பழைய பேக்கப்பிலிருந்தோ, இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் பழைய நகலிலிருந்தோ எடுத்தால்தான் உண்டு.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் யூடிஎஃப்8, யூடிஎஃப்8எம்பி4 என்று இரண்டு இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டாவதைத்தான். மைஎஸ்க்யூஎல் முதலில் யூடிஎஃப்8 என்று பெயரிட்டது ஒரு குறிக்கு மூன்று பைட் மட்டுமே கொள்ளும் அரைகுறை வடிவம். நாம் அன்றாடம் எழுதும் தமிழுக்கு மூன்று பைட் போதும் என்பதால் குறை பல காலம் வெளியில் தெரியாது. வாசகர் ஒருவர் தம் கடிதத்தின் நடுவே ஓர் எமோஜியைப் போட்ட அன்றுதான் தெரியவரும்: எமோஜி நான்கு பைட் என்பதால், பிழையான தரவை மறுக்கும் கண்டிப்பு முறை அணைக்கப்பட்ட சர்வரில் அந்த இடத்தோடு கடிதம் துண்டிக்கப்பட்டு, மீதிப் பத்திகள் சேமிக்கப்படாமலே போய்விடும். உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொது எண் தரும் யூனிகோடு தரத்தில் 2019 இல் சேர்க்கப்பட்ட பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் நான்கு பைட் வகையைச் சேர்ந்தவை. கல்வெட்டு, பழைய கணக்கு நூல்கள் தொடர்பான தளங்களுக்கு அவை தேவைப்படும். மைஎஸ்க்யூஎல் 8.0 முதல் யூடிஎஃப்8எம்பி4 தான் இயல்பு நிலை. தளம் நடத்தும் மென்பொருளான வேர்டுபிரஸ் 2015 இல் வந்த 4.2 பதிப்பிலிருந்தே அதற்கு மாறிவிட்டது. அதற்கு முன் தொடங்கிய தளம் என்றால் ஒவ்வோர் அட்டவணையையும் தனித்தனியே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாமினி எழுத்துருவிலும் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்திலும் தட்டச்சு செய்த கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. யூனிகோடுக்கு எப்படி மாற்றுவது?

மாற்றிகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மாற்றியின் வேலை முடிந்த இடத்தில் உங்கள் வேலை தொடங்குகிறது. பாமினி என்பது ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. கணினியின் கண்ணில் பாமினியில் அடித்த "தமிழ்" என்ற சொல் நான்கு ரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. ஆகவே கட்டுரையின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல்லோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால், மாற்றி அதையும் தமிழாக எண்ணிப் பொருளற்ற எழுத்துக் கோவையாக்கிவிடும். வேர்டு கோப்பாக இருந்தால், எழுத்துருவின் பெயரைப் பார்த்துப் பாமினி உள்ள பகுதியை மட்டும் மாற்றும்படி செய்வதே சரியான வழி.

இன்னொரு சிக்கல் கொம்பு. பழைய எழுத்துருக்களில் எழுதும் வரிசைப்படி கொம்பு முதலிலும் மெய் பின்னாலும் வரும். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு அதன் பின். வரி முடியும் இடத்தில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் பிரிந்திருந்தால் மாற்றி தடுமாறும். மாற்றிய உரையில், சொல்லின் தொடக்கத்தில் தனித்து நிற்கும் கொம்புகளைத் தேடினாலே இத்தகைய பிழைகளில் பெரும்பகுதி கையில் அகப்படும்.

தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் தன்னார்வ முயற்சியான மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கித் தொடக்க ஆண்டுகளில் டிஸ்கியில் மின்னூல்களை வெளியிட்டு, பின்னர் யூனிகோடுக்கு மாறியது. அந்த உரைகளை இன்றைக்கும் நாம் படிக்க முடிவது அந்த உழைப்பால்தான். தமிழ்நாடு அரசும் 2010 இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. எனவே இனியும் தள்ளிப்போடக் காரணமில்லை. மாற்றிய பிறகும் மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். ஐந்து ஆண்டு கழித்து ஒரு வாசகர் பிழையைச் சுட்டிக்காட்டும்போது ஒப்பிட அவைதான் இருக்கும்.

கண்ணெதிரே இருக்கும் சொல் தளத்தின் தேடல் பெட்டியில் அகப்படவில்லை. ஏன்?

தமிழில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு சொற்கள் கணினிக்கு வேறு வேறாக இருக்கலாம். "கொ" என்பதை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்று குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. உரையைச் சேமிக்கும்போதும், தேடும் சொல்லைப் பெறும்போதும், என்எஃப்சி எனப்படும் யூனிகோடு சீராக்கத்தை இயக்கினால் இவை ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். பிஎச்பி, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய நிரல்மொழிகள் மூன்றிலும் இதற்கான செயல்கூறு உள்ளது.

சீராக்கத்தால் தீராதவையும் உண்டு. "கௌரவம்" என்பதில் ஔகாரக் குறியின் பின்பகுதி ளகரம் போலவே இருப்பதால், பலர் கொம்பும் ளகரமுமாகக் "கெளரவம்" என்று தட்டச்சு செய்கிறார்கள். ஸ்ரீ என்ற எழுத்தை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், 2005 இல் யூனிகோடில் சேர்ந்த வேறொரு கிரந்த எழுத்தைக் கொண்டும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒரே உருவம். காலுக்குப் பதில் ரகரத்தைப் போடுவதும், ககரத்துக்குப் பதில் தமிழ் எண் ஒன்றைப் போடுவதும் மேலும் இரண்டு வகைப் பிழைகள். நான் செய்வது இது: மூல உரையை அப்படியே வைத்துக்கொண்டு, தேடலுக்கென்று அட்டவணையில் தனி நெடுவரிசை ஒன்றை உருவாக்கி, இந்த வேறுபாடுகளையெல்லாம் ஒரே வடிவமாக்கி அதில் சேமிக்கிறேன். தேடுபவரின் சொல்லையும் அதே விதிகளால் மாற்றியபின் ஒப்பிடுகிறேன்.

அடுத்தது வேற்றுமை உருபு. "வீடு" என்று தேடுபவருக்கு "வீட்டில்", "வீட்டுக்கு" எல்லாம் கிடைக்க வேண்டுமே! போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் 12 ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கான வேர்ச்சொல் பகுப்பு உடன் வருகிறது. அது முழுமையானதன்று, சில சொற்களை மிகையாக வெட்டிவிடும். ஆனாலும் ஒன்றும் இல்லாமல் இருப்பதைவிட வாசகருக்கு எவ்வளவோ மேல்.

ஆசிரியர் பெயர்களை அகர வரிசையில் அடுக்கினால் வரிசை தவறாக வருகிறதே?

யூனிகோடின் எண் வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசை அன்று. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வந்துவிடும். புள்ளிக் குறி எல்லா உயிர்க் குறிகளுக்கும் பிறகு நிற்கும். அதனால் அகராதியில் "பக்கம்" முதலிலும் "பகல்" பின்னாலும் வர வேண்டியது, கணினியில் தலைகீழாக வருகிறது. இதைக் கையால் சரிசெய்ய வேண்டியதில்லை. மொழி விதிகளைத் தொகுத்துத் தரும் ஐசியு என்ற நிரல் நூலகத்தின் தமிழ் வரிசை விதிகளை அழைத்தால் போதும். பிஎச்பியின் இன்டல் நீட்சியும், உலாவியில் உள்ள கொலேட்டர் வசதியும் அதைத்தான் பயன்படுத்துகின்றன.

முகப்புப் பக்கச் சுருக்கங்கள் பாதி எழுத்தில் முறிகின்றன. என்ன செய்யலாம்?

"தமிழ்" என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறி. சேமிப்பில் பதினைந்து பைட். பைட் கணக்கில் வெட்டினால் ஒரு குறியின் நடுவே வெட்டு விழுந்து கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தோன்றும். குறிக் கணக்கில் வெட்டினால் புள்ளி உதிர்ந்து "தமிழ" என்று நிற்கும். எழுத்துக் கணக்கில்தான் வெட்ட வேண்டும். பிஎச்பியில் கிராஃபீம் என்று தொடங்கும் செயல்கூறுகளும், ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டரும் இதற்கென்றே இருக்கின்றன. அதைவிட எளிய வழி, எப்போதும் சொல் இடைவெளியில் மட்டும் வெட்டுவது. தலைப்பில் ஒரு புள்ளி உதிர்வது சிறிய விஷயம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிக் கருதுவதில்லை. தன் பெயரையே தப்பாக எழுதும் இதழை எந்த வாசகர் மதிப்பார்?

பக்க முகவரியைத் தமிழில் வைக்கலாமா?

வைக்கலாம், எல்லா உலாவிகளும் ஏற்கின்றன. ஆனால் அந்த முகவரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு கூடிய ஒன்பது எழுத்தாக விரியும். "தமிழ்" என்ற ஒரு சொல் மட்டும் நாற்பத்தைந்து எழுத்தாகும். வேர்டுபிரஸ் இந்த விரிந்த வடிவத்துக்கு 200 எழுத்து எல்லை வைத்திருக்கிறது. அதாவது ஏறத்தாழ இருபத்திரண்டு குறிகள். "தஞ்சாவூர் மாவட்டத்தில் நெல் சாகுபடி" என்று தலைப்பிட்டால், முகவரி "மாவட்டத்தில்" என்ற சொல்லைத் தாண்டி, "நெல்" என்பதன் கொம்பைக்கூட எட்டாமல், வெறும் "ந" என்ற எழுத்தோடு நின்றுவிடும். அதே மாவட்டத்தைப் பற்றி நான்கு கட்டுரை எழுதினால் முகவரிகள் ஒன்றோடொன்று மோதி, கடைசியில் எண்கள் ஒட்டிக்கொள்ளும்.

என் பரிந்துரை, கட்டுரையை வெளியிடும் முன் முகவரியைக் கையால் இரண்டு மூன்று சொல்லாகச் சுருக்குவது. வாட்ஸ்ஆப்பில் அதிகம் பகிரப்படும் தளமென்றால் ரோமன் எழுத்தில் வைப்பதிலும் தவறில்லை. எதைத் தேர்ந்தாலும் பிறகு மாற்றாதீர்கள்.

டொமைன் பெயரையே தமிழில் வாங்க விரும்புவோருக்கு .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய ஈறுகள் உள்ளன. வாங்குங்கள், ஆனால் அதையே ஒரே முகவரியாக வைக்காமல் ரோமன் முகவரிக்குத் துணையாக வையுங்கள். தமிழ் முகவரியில் உள்ள மின்னஞ்சலைப் பல படிவங்களும் சேவைகளும் இன்னும் ஏற்க மறுக்கின்றன.

எந்தத் தமிழ் எழுத்துருவைப் பயன்படுத்தலாம்?

இப்போதைய ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழும், விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐயும் உடன் வருகின்றன. உரைப் பகுதிக்கு அவற்றை விட்டுவிட்டு, தலைப்புகளுக்கு மட்டும் தனி எழுத்துருவை ஏற்றினால் பக்கம் விரைவாகத் திறக்கும். கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை ஆகியவை கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. எழுத்துருக் கோப்பைச் சுருக்கும்போது உருவமாற்ற விதிகளின் அட்டவணையை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் உகரக் குறி எழுத்தோடு இணையாமல் பக்கத்தில் தனியே நிற்கும். "கு கூ டி டீ ணு ஞூ க்ஷ ஸ்ரீ" என்ற வரியைச் சோதனைப் பக்கம் ஒன்றில் நிரந்தரமாக வைத்து, எழுத்துருவை மாற்றும் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரி உயரத்தை எழுத்தளவின் 1.6 மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். இருபுறமும் சமப்படுத்துவதைத் தவிருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் கைபேசித் திரையில் சொற்களுக்கிடையே பள்ளம் பள்ளமாக வெற்றிடம் விழும். ஹெச்டிஎம்எல் பக்கத்தில் மொழி தமிழ் என்று அறிவிக்கவும் மறவாதீர்கள். பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் எந்தக் குரலில் படிக்க வேண்டும் என்று அறிவது அந்த ஒரு பண்பிலிருந்துதான்.

"பாதுகாப்பற்றது" என்ற எச்சரிக்கை வருகிறது. சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

வேண்டியதில்லை. தளத்துக்கும் வாசகருக்கும் இடையே பாதுகாப்பான தொடர்புக்குத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாக வழங்குகிறது. பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்களின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஒரே பொத்தானில் அது கிடைக்கும். சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு உண்மையில் இயங்குகிறதா என்பதை மட்டும் பாருங்கள். சான்றிதழ்களின் உச்ச ஆயுளை 2026 மார்ச்சில் 200 நாளாகவும், 2027 மார்ச்சில் 100 நாளாகவும், 2029 மார்ச்சில் 47 நாளாகவும் குறைப்பது என்று உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குவோரும் முடிவு செய்துவிட்டனர். காலாவதியை மின்னஞ்சலில் நினைவூட்டி வந்த லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டது. கையால் புதுப்பிக்கும் பழக்கம் இனி நடைமுறைக்கு ஒவ்வாது.

டொமைன் காலாவதியாகிவிட்டது. இனி கிடைக்காதா?

.காம் போன்ற ஈறுகளில் உடனடியாகக் கைவிட்டுப் போகாது. பதிவாளர் தரும் சலுகைக் காலம் முடிந்த பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் அப்போது கட்டணம் பல மடங்கு. அதன்பின் 5 நாளில் பெயர் பொதுவில் விடப்படும். பழைய, நல்ல பெயர் என்றால் யாராவது அதற்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கண்ட இழப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பணமில்லாமை அன்று. சங்கத்துக்கு உதவி செய்த ஓர் இளைஞர் தம் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்திருப்பார். படிப்போ வேலையோ கிடைத்து வெளியூர் போயிருப்பார். நினைவூட்டல் கடிதங்கள் அவர் திறக்காத பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே டொமைனைச் சங்கத்தின் பெயரில், சங்கத்துக்கென்று தனியாக உள்ள மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். அந்த மின்னஞ்சல் முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் அதை மீட்கும் கடிதமும் வந்து சேராது. கடவுச்சொல் குறைந்தது இருவரிடம் இருக்கட்டும்.

ஹோஸ்டிங் நிறுவனமே தினமும் பேக்கப் எடுக்கிறது. அது போதாதா?

போதாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்துபோனது. தளத்தையும் பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் இரண்டையும் இழந்தார்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பகம், அதில் ஒன்றாவது வேறு இடத்தில் என்ற பழைய விதி இத்தகைய இரவுகளுக்காகவே சொல்லப்பட்டது. சிறிய தளத்துக்கு இது பெரிய செலவும் அன்று. உரை மட்டும் சுருக்கப்பட்டால் பல ஆண்டு இதழ்கள் ஒரு பென்டிரைவில் அடங்கும்.

பேக்கப் எடுக்கப்படுவது வேறு, அது திரும்பி வருவது வேறு என்பதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நான் கவனித்து வந்த ஒரு சிற்றிதழ்த் தளத்தில் இரவுதோறும் பேக்கப் ஓடும்படி அமைத்திருந்தேன். கோப்புறையில் தேதி வாரியாகக் கோப்புகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஒருநாள் தவறுதலாக நீக்கப்பட்ட தொடர் கட்டுரை ஒன்றை மீட்கப் போனபோது, கடைசி இரண்டு மாதக் கோப்புகள் எல்லாம் பூஜ்ஜியம் பைட் அளவில் இருந்தன. சர்வரின் வட்டு நிரம்பிவிட்டதால் பெயர் மட்டும் உருவாகி, உள்ளே ஒன்றும் எழுதப்படவில்லை. அந்தத் தொடரை எழுதியவரிடம் போய்க் கைப்பிரதி கேட்க நேர்ந்தது. அவர் முகம் கோணாமல் கொடுத்தார். ஆனாலும் அன்று நான் அவர் முன் நின்ற நிலையை இன்னும் மறக்கவில்லை. அதன்பின் இரண்டு பழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறேன். பேக்கப் கோப்பு முந்தைய நாளைவிட வெகுவாகச் சிறுத்திருந்தால் எனக்கு மின்னஞ்சல் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, என் கணினியில் வெற்றுத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கிப் பேக்கப்பை அதில் ஏற்றி, பழைய கட்டுரை ஒன்றையும் புதிய கட்டுரை ஒன்றையும் திறந்து படித்துப் பார்க்கிறேன். ஏற்றிய பிறகு தமிழ் தமிழாகவே தெரிகிறதா என்பதையும் அப்போதுதான் அறிய முடியும்.

பேக்கப் கோப்பைப் பொதுக் கோப்புறையில் விட்டு வைக்காதீர்கள். எளிதில் ஊகிக்கக்கூடிய பெயரில் இருந்தால், முகவரியைத் தட்டிப் பார்க்கும் எவரும் உங்கள் வாசகர் பட்டியலோடு சேர்த்து இறக்கிக்கொள்வார்கள்.

வேறு ஹோஸ்டிங்குக்கு மாறும்போது தளம் நிற்காமல் இருக்க என்ன வழி?

மாறுவதற்கு இரண்டு நாள் முன்பே டொமைன் பெயரைச் சர்வரின் எண்ணோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவின் ஆயுளை, அதாவது டிடிஎல் மதிப்பை, 300 நொடியாகக் குறையுங்கள். புதிய சர்வரில் எல்லாவற்றையும் ஏற்றியபின், உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதிய எண்ணை எழுதினால், உலகுக்குத் தெரியாமல் நீங்கள் மட்டும் புதிய தளத்தைப் பார்த்துச் சோதிக்கலாம். எல்லாம் சரியென்றால் பழைய தளத்தில் பதிவிடுவதை நிறுத்தி, தரவுத்தளத்தைக் கடைசியாக ஒருமுறை நகலெடுத்து, அதன்பின் டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவை மறந்துவிட்டுக் கடிதங்களை இழப்பவர்கள் அநேகம். பழைய கணக்கை ஒரு மாதமாவது மூடாமல் வைத்திருங்கள்.

தளத்தை யாரோ ஊடுருவிவிட்டதாகத் தெரிகிறது. எப்படி உறுதி செய்வது?

பல ஊடுருவல்கள் தள உரிமையாளரின் கண்ணில் படாதபடியே செய்யப்படுகின்றன. நீங்கள் திறந்தால் வழக்கமான பக்கம் தெரியும். தேடுபொறிக்கு மட்டும் மருந்து விற்பனையோ ஜப்பானிய மொழி விளம்பரமோ காட்டப்படும். கூகுளில் உங்கள் தளப் பெயரைத் தேடி முடிவுகளின் தலைப்புகளைப் பாருங்கள். கூகுளின் சர்ச் கன்சோல் சேவையில் தளத்தைப் பதிவு செய்து வைத்திருந்தால், கூகுள் பார்த்த பக்கத்தையே நீங்களும் பார்க்கலாம்.

உறுதியானால், முதலில் உள்ளபடியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். வேர்டுபிரஸ் மூலக் கோப்புகளையும் பிளகின்களையும் அதிகாரபூர்வ இடத்திலிருந்து புதிதாக ஏற்றுங்கள். படங்கள் இருக்க வேண்டிய பதிவேற்றக் கோப்புறையில் பிஎச்பி கோப்பு ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கே அதற்கு வேலையே இல்லை. அறிமுகமில்லாத நிர்வாகிக் கணக்குகளை நீக்கி, தரவுத்தளக் கடவுச்சொல் உட்பட எல்லாவற்றையும் மாற்றுங்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள். விலைக்கு விற்கப்படும் தீம் ஒன்று எங்கோ இலவசமாகக் கிடைத்தது என்று நிறுவியதிலேயே பல கதைகள் தொடங்குகின்றன. கோப்பு அனுமதி, எவரும் மாற்றி எழுதலாம் என்னும் 777 என்று வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 போதுமானது.

தேடுபொறிகளுக்கு அறிவுறுத்தும் ரோபோட்ஸ் கோப்பில் தடுத்த பக்கம் கூகுளில் எப்படி வருகிறது?

அந்தக் கோப்பு "உள்ளே வந்து படிக்காதே" என்று சொல்கிறதே தவிர, "பட்டியலில் சேர்க்காதே" என்று சொல்வதில்லை. பட்டியலில் வரக் கூடாதென்றால் பக்கத்துக்குள் நோஇன்டெக்ஸ் குறியை வைத்து, தேடுபொறி வந்து அதைப் படிக்க அனுமதிக்க வேண்டும். உண்மையில் மறைக்க வேண்டியதற்குக் கடவுச்சொல் போடுங்கள். ரோபோட்ஸ் கோப்பை எவரும் திறந்து படிக்கலாம்.

தொடர்புப் படிவத்திலிருந்து கடிதங்கள் வந்து சேர்வதில்லையே?

படிவம் பெரும்பாலும் வாசகரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டு அனுப்புகிறது. பெறும் பக்கம் அதைப் போலி என்று கருதிக் குப்பையில் போடுகிறது. அனுப்புநர் முகவரி உங்கள் டொமைனில் இருக்கட்டும், வாசகர் முகவரியைப் பதில் முகவரியாக வையுங்கள். கடிதம் உங்கள் டொமைனிலிருந்தே வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளையும் டிஎன்எஸ்ஸில் சேருங்கள்.

தளத்தைப் புதிதாக வடிவமைக்கிறோம். பழைய முகவரிகளை மாற்றலாமா?

முடிந்தவரை மாற்றாதீர்கள். பத்து ஆண்டுக்கு முன் வந்த கட்டுரையை ஓர் ஆய்வு மாணவர் அடிக்குறிப்பில் தந்திருப்பார். அந்த முகவரி உங்களுடையது மட்டும் அன்று. மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய ஒவ்வொரு முகவரியும் அதற்கு நிகரான புதிய முகவரிக்கு, நிரந்தரமாக மாறியது என்று சொல்லும் 301 முறையில் போய்ச் சேர வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது வாசகரை வாசலில் நிறுத்திவிட்டுப் போவதற்குச் சமம். புதிய தளம் வெளிவந்த முதல் மாதம் சர்வர் பதிவேட்டில் "பக்கம் இல்லை" என்னும் 404 பிழைகளை வாரந்தோறும் பாருங்கள். விடுபட்டவை தாமாகவே தெரியவரும். வேண்டுமென்றே நீக்கிய பக்கத்துக்கு, "நீக்கப்பட்டது" என்னும் 410 கொடுங்கள்.

இதழ் நின்றுவிட்டது, தளத்தைப் பராமரிக்க ஆளும் இல்லை. மூடிவிடலாமா?

மூடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. 2009 அக்டோபரில் யாஹூ தன் ஜியோசிட்டிஸ் சேவையை நிறுத்தியபோது, எண்ணற்ற தனிமனிதப் பக்கங்கள் மறைந்தன. தன்னார்வலர்கள் ஓடி ஓடி நகலெடுத்தவையே இன்று எஞ்சியிருக்கின்றன. உங்கள் இதழுக்காக அப்படி ஓட ஆள் இருப்பார் என்று எண்ணிவிட முடியாது.

இயங்கும் தளத்தை வெறும் ஹெச்டிஎம்எல் கோப்புகளாக மாற்றிக்கொள்ளுங்கள். டபிள்யூகெட் என்ற கருவி தளம் முழுவதையும் பக்கம் பக்கமாக இறக்கி, உள் இணைப்புகளையும் மாற்றித் தரும். வேர்டுபிரஸ்ஸுக்கு அதற்கென்றே பிளகின்கள் உள்ளன. அப்படி மாற்றியபின் தரவுத்தளம் வேண்டாம், பிஎச்பி வேண்டாம், ஊடுருவலுக்கு அஞ்ச வேண்டாம், மாதந்தோறும் புதுப்பிக்க வேண்டாம். மிகக் குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ அதை ஏற்க இடங்கள் இருக்கின்றன. பழைய முகவரிகள் மாறாமல் இருக்கும்படி கோப்புப் பெயர்களை அமையுங்கள். தேடல் பெட்டியையும் கருத்துப் படிவத்தையும் எடுத்துவிட்டு, ஆசிரியர் வாரியான பட்டியல் ஒன்றையும் இதழ் வாரியான பட்டியல் ஒன்றையும் முகப்பில் வையுங்கள்.

அதே கோப்புகளைச் சுருக்கி ஒரே பொதியாக்கி, இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு நகலும், இதழில் தொடர்ந்து எழுதியவர்கள் இரண்டு மூன்று பேரிடம் ஆளுக்கொரு நகலும் கொடுத்து வையுங்கள். எழுதியவர்களுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, தம் படைப்பை நீக்க விரும்பினால் சொல்லலாம் என்று ஒரு மாத அவகாசம் கொடுங்கள். டொமைனை மட்டும் பதிவாளர் அனுமதிக்கும் அளவுக்கு நீண்ட காலத்துக்குப் புதுப்பியுங்கள்; .காம் என்றால் பத்து ஆண்டு வரை முன்பணம் கட்டலாம்.